பீப்பாயில் வந்த நாகங்கள்

உங்கள் இடது புஜத்தில் சின்னதாக ஒரு தழும்பு இருக்கிறதா? குழந்தையில் போட்ட பி.சி.ஜி. ஊசியின் முத்திரை! நடுவில் இருக்கும் அந்த 'சி' ஒரு பிரெஞ்சு டாக்டர். பெயர் ஆல்பர்ட் கால்மெட். காசநோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவர் இன்னொரு காரியம் செய்தார். காரைக்கால் பக்கம் வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களுக்கு இன்றைக்கும் உயிர் கொடுக்கிற காரியம்.

1739ல் காரைக்காலைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் (நடுவில் சில காலம் ஆங்கிலேயர் பறித்துக்கொண்டது தவிர) 1954 வரை அங்கே ஆண்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற காரைக்கால்காரர்கள் பலர் கப்பலேறி, அதே கொடி பறந்த சைகோனுக்குப் போய் போலீஸ், தபால் ஆபீஸ் என்று உத்தியோகம் பார்த்தார்கள். 1891ல் அதே சைகோனில் பாஸ்டர் ஆய்வுக்கூடம் ஆரம்பிக்க வந்து இறங்கினார், முப்பது வயதுகூட ஆகாத கால்மெட்.

அந்த வருஷ வெள்ளத்தில் பாக் லியூ கிராமத்துக்குள் நாகப்பாம்புகள் புகுந்து பலரைக் கடித்தன. சிலர் செத்துப்போனார்கள். பிடிபட்ட பாம்புகள் பீப்பாயில் அடைக்கப்பட்டு கால்மெட்டிடம் வந்தன!

முந்தைய வருஷம்தான் ஜெர்மனியில் பேரிங், கிட்டசாட்டோ இருவரும் ஓர் அதிசயத்தைச் சொல்லியிருந்தார்கள். தொண்டை அடைப்பான் நச்சை விலங்குக்குக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்தால், அதன் ரத்தத்தில் மாற்று மருந்து தானாக ஊறும். அதுதான் ஆன்டிபாடி. கால்மெட் அதைப் பாம்பு விஷத்தில் முயன்றார். 1894ல் பலித்தது. அதே வருஷம் பாரிஸில் பிசாலிக்ஸ், பெர்த்ரான் என்ற இருவர் தனியாக இதையே கண்டுபிடித்தது வேறு கதை.

ஆனால், கால்மெட் ஒரு தப்புக் கணக்குப் போட்டார். நாகத்துக்கான மருந்தே எல்லாப் பாம்புக்கும் போதும் என்றார். கண்ணாடி விரியனிடம் அது எடுபடவில்லை. இந்தியாவிலிருந்த ஜார்ஜ் லாம்ப் என்ற டாக்டர் அதை நிரூபித்தார். பூட்டுக்கு ஏற்ற சாவிதான் சேரும்!

அதனால்தான் இன்றைய நம்ம ஊர் மருந்தில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஆன்டிபாடி உண்டு. மாமல்லபுரம் அருகே, 1978ல் பிறந்த இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷத்தைக் கறந்து தருகிறது. மருந்துக் கம்பெனிகள் அதைக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கின்றன. நூற்றிமுப்பது வருஷமாக அதே வித்தை!

2024ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸும் சேர்ந்து குதிரையே இல்லாமல் லேபில் ஓர் ஆன்டிபாடி உருவாக்கின. நாகம், கட்டுவிரியன் வகையறாக்களின் நரம்பு நச்சை அது எலிகளில் முறித்தது. விரியன் வகையிடம் பாச்சா பலிக்காது. லாம்ப் சிரித்திருப்பார்!

2000லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்குப் பலியானவர்கள் சுமார் 12 லட்சம் என்கிறது ஓர் ஆய்வுக் கணிப்பு. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். மருந்து சைகோனிலிருந்து நம்ம ஊர் ஆஸ்பத்திரிவரை வந்துவிட்டது. கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு நாம்தான் முதலில் மந்திரிக்கப் போகிறோம்.