வான்கூவர் மேற்கோள் முறை

மருத்துவ இதழ்க் கட்டுரைகளில் ஆதாரங்களை எண்ணிட்டுக் காட்டும் முறை. 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய இதழாசிரியர்கள் அடித்தளமிட்டனர். விதிகள் 1979இல் வெளியாயின.

முதலில் எடுத்தாளும் ஆதாரத்துக்கு 1, அடுத்ததற்கு 2. மீண்டும் வந்தால் பழைய எண்ணே. ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேற்பட்டால், முதல் அறுவரோடு ‘மற்றும் பிறர்’. இதழின் பெயரும் சுருங்கும்: இந்தியன் ஜர்னல் ஆஃப் ஆப்தால்மாலஜி, ‘இந்தியன் ஜே ஆப்தால்மால்’ ஆகும்.

கோவை மருத்துவர்களுக்குப் பெயர்தான் சிக்கல். குடும்பப் பெயர் முதலில், முன்னெழுத்து பின்னால் என்பது விதி. நம்மில் பலருக்கோ குடும்பப் பெயரே இல்லை, இனிஷியல் தந்தையுடையது. கோவையிலும் கிளை கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர் கோ. வெங்கடசாமி, ஆதாரப் பட்டியலில் ‘வெங்கடசாமி ஜி’. தந்தை பெயரை விரித்துப் பின்னால் சேர்த்தால் ‘கோவிந்தப்பா வி’ ஆகி, எழுதியவர் தந்தை என்றாகிவிடும்.

முதல் கட்டுரையில் தரும் பெயர் வடிவத்தையே கடைசிவரை வைத்துக்கொள்வது நல்லது.