கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் கரகரக்குதா? புதுசு வாங்கும் முன் இந்த 8 விஷயங்களைச் சரிபாருங்கள்!

"ஸ்பீக்கர் போயிடுச்சுங்க. இது ரெண்டாவது செட்டு. இதுவும் கரகரங்குது."

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஓர் அண்ணன் என்னிடம் சொன்னது இது. வீட்டையொட்டியே தறிக் கொட்டகை. ப்ளஸ் டூ படிக்கும் மகள் வீட்டு கம்ப்யூட்டரில் வீடியோ பாடம் கேட்கிறாள். "சார் 'சல்ஃபேட்'ங்கிறாரா, 'சல்ஃபைட்'ங்கிறாரான்னே தெரியலக்கா" என்றாள் அவள். ஓர் எழுத்து மாறினால் மார்க் போகும். அவள் கவலை நியாயமானதுதான்.

ஆனால் அந்த இரண்டு ஸ்பீக்கர்களிலுமே கோளாறு இல்லை. பிரச்னை வேறு மூன்று இடங்களில் இருந்தது. அதில் ஒன்று ஆளையே அடிக்கக்கூடிய அளவுக்கு ஆபத்தானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சேலம், நாமக்கல் பக்கம் பல வீடுகளில் இதே கதைதான். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷினோ, கடையில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரோ ஒன்று இருக்கும். சத்தம் கெட்டுப்போனால் முதலில் ஸ்பீக்கர் மீதுதான் பழி விழும். கொஞ்சம் பொறுங்கள். கீழே உள்ள சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பத்து பைசா செலவில்லை. வரிசை மாறாமல் செய்து பாருங்கள்.

1. முதலில், எந்த மாதிரி சத்தம்?

'சத்தம் சரியில்லை' என்று பொதுவாகச் சொன்னால் மெக்கானிக்குக்கும் புரியாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேளுங்கள்.

- சத்தம் கூடும்போது மட்டும் குரல் கிழிந்தது போல் கரகரக்கிறதா? வால்யூம் அல்லது ஸ்பீக்கர் கூம்பு.
- 'சட சட'வென விட்டு விட்டு வெடிக்கிறதா? டிரைவர், கம்ப்யூட்டர் வேகம் அல்லது ஆடும் பின்.
- டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல் இருக்கிறதா? ப்ளூடூத் அல்லது 'எஃபெக்ட்' செட்டிங்.
- பாட்டே ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் இருக்கிறதா? கரன்ட், எர்த்.

இந்த நான்கில் உங்களுடையது எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

2. ஹெட்போன் சோதனை

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, போனுக்குப் போடும் சாதாரண வயர் ஹெட்போனைச் செருகி அதே வீடியோவைக் கேளுங்கள். சத்தம் தெளிவாக இருந்தால் கோளாறு ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ இருக்கிறது. ஹெட்போனிலும் கரகரத்தால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அடுத்து, ஸ்பீக்கரை உங்கள் போனில் மாட்டிப் பாருங்கள். அங்கே நன்றாகப் பாடினால் ஸ்பீக்கர் நிரபராதி.

கூடவே இன்னொன்று. வேறு ஒரு வீடியோ, வேறு ஒரு பாட்டு போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு வீடியோவில் மட்டும் கரகரத்தால் அது பதிவு செய்தபோதே கெட்டது. நீங்கள் என்ன செய்தாலும் சரியாகாது.

3. வால்யூம் எங்கே ஏறியிருக்கிறது?

பள்ளிபாளையம் வீட்டில் கிடைத்த முதல் குற்றவாளி இதுதான். வீடியோவில் 100, விண்டோஸில் 100, ஸ்பீக்கர் திருகாணியும் கடைசி வரை. போதாததற்கு ஈக்வலைசரில் பேஸ் முழுவதும் ஏற்றப்பட்டிருந்தது.

ஒலி என்பது அலை. படி நிறைந்த பிறகும் அரிசி கொட்டினால் மேலே நிற்காமல் வழிந்துவிடும் இல்லையா? அதேபோல், சாதனம் தாங்கும் அளவைத் தாண்டினால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். இதைத்தான் 'கிளிப்பிங்' என்கிறார்கள். நம் காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கிறது. இப்படி வெட்டுப்பட்ட பிறகு ஸ்பீக்கரில் குறைத்தாலும் கரகரப்பு போகாது. சத்தம் மட்டும்தான் குறையும்.

ஈக்வலைசரை 'ஃபிளாட்'டுக்குக் கொண்டுவாருங்கள். விண்டோஸ் வால்யூமை 70-80 அளவில் வையுங்கள். மீதி தேவைக்கு ஸ்பீக்கர் திருகாணியைப் பாதி வரை மட்டும் ஏற்றுங்கள். பிரவுசரில் 'வால்யூம் பூஸ்டர்' எக்ஸ்டென்ஷன் ஏதாவது இருந்தால் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

4. 'எஃபெக்ட்'களை அணையுங்கள்

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் ஸ்பீக்கர் பெயரை அழுத்துங்கள். அங்கே 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை 'ஆஃப்' செய்யுங்கள். விண்டோஸ் 10 என்றால் சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் ஸ்பீக்கரின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, எல்லா என்ஹான்ஸ்மென்ட்களையும் 'டிசேபிள்' செய்யும் கட்டத்தை டிக் செய்யுங்கள்.

அதே இடத்தில் 'ஃபார்மட்' என்று ஒன்று இருக்கும். 192000 ஹெர்ட்ஸ் போன்ற பெரிய எண் இருந்தால் நல்ல தரம் என்று நினைக்காதீர்கள். 16 பிட் அல்லது 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக் கேட்டுப் பாருங்கள். வீடியோக்களுக்கு வழக்கமான அளவு இதுதான். பழைய சிடி பாட்டுகளின் அளவு 44100.

5. ப்ளூடூத் ஹெட்செட் ஏன் திடீரென்று 'போன் குரல்' ஆகிறது?

பாட்டு கேட்கும்போது அருமையாக இருக்கும். ஆன்லைன் வகுப்பில் சேர்ந்ததும் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆகிவிடும். ஹெட்செட் கெடவில்லை. அதன் மைக் திறந்ததும் பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்செட்டுகள் 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' முறைக்கு மாறிவிடும். அந்த முறையில் ஒலித்தரம் போன் கால் அளவுக்கு இறங்கிவிடும், ஸ்டீரியோவும் போய்விடும்.

தீர்வு எளிது. வகுப்புச் செயலியில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட்டைக் கேட்க மட்டும் பயன்படுத்துங்கள். எதிர்முனையில் இருப்பவர் 'உங்க குரல் கரகரங்குது' என்றால், மைக் செட்டிங்கில் 'பூஸ்ட்' 20, 30 டெசிபல் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் குறையுங்கள்.

பாட்டு, வயலின் வகுப்பில் சுரம் பாதியில் அறுந்து போகிறதா? செயலியின் 'நாய்ஸ் சப்ரஷன்' அதை இரைச்சல் என்று நினைத்து வெட்டுகிறது. ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியைப் போட்டுக்கொண்டால் சரியாகும்.

6. டிரைவரும் வேகமும்

'சட சட' வெடிப்புக்கு இங்கே பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். சத்தம் வெடிக்கும் நேரத்தில் சிபியு 90, 100 சதவிகிதம் காட்டினால், கம்ப்யூட்டர் ஒலியை நேரத்துக்கு அனுப்ப முடியாமல் திணறுகிறது. தேவையற்ற டேப்களை மூடுங்கள். பேட்டரி மிச்சப்படுத்தும் முறையை அணையுங்கள்.

அடுத்து டிவைஸ் மேனேஜரில் 'சவுண்ட்' பகுதிக்குப் போங்கள். ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கோளாறு தொடங்கியிருந்தால் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கியிருந்தால் சாதனத்தை 'அன்இன்ஸ்டால்' செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே மீண்டும் டிரைவரைப் போட்டுக்கொள்ளும். டிரைவரை கம்ப்யூட்டர் கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 'இலவச டிரைவர் அப்டேட்டர்' என்று வரும் விளம்பரங்களைத் தொடவே வேண்டாம்.

7. பின், வயர், கூம்பு

பின்னை ஜாக்கில் செருகி மெதுவாகச் சுழற்றுங்கள். சடசடத்தால் அழுக்கு அல்லது தளர்வு. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பின்னை உலர்ந்த துணியால் துடையுங்கள். பஞ்சாலைத் தூசியும் தறிக்கூடப் பஞ்சும் பறக்கும் ஊரில் இது ரொம்பவே சகஜம்.

இசை கேட்கிறது, பாடுபவர் குரல் மட்டும் காணோமா? பேய் எல்லாம் இல்லை. பின் முழுவதும் உள்ளே போகவில்லை. இடது, வலது இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் இணைப்பு விட்டுப்போனால், இரண்டிலும் ஒன்றாக இருக்கும் குரல் அடிபட்டுப்போகும். அழுத்திச் செருகுங்கள்.

டெஸ்க்டாப்பில் முன்பக்க ஜாக்குக்கு வரும் வயர் கேபினெட்டுக்குள் மற்ற பாகங்களின் நடுவே ஓடி வருகிறது. அதனால் இரைச்சலைப் பிடிக்கும். பின்பக்கத்தில் உள்ள பச்சை ஜாக்குக்கு மாற்றிப் பாருங்கள். கடைசியாக ஸ்பீக்கர் வலையைக் கழற்றி, கூம்பின் காகிதமோ ஓர ரப்பரோ கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிழிந்திருந்தால் மட்டுமே மாற்றும் செலவு.

8. 'ம்ம்ம்' என்று இரைந்தால்... இது சத்தப் பிரச்னை மட்டும் இல்லை!

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத இடத்தில் அந்த 50 ஹெர்ட்ஸ்தான் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒலிக்கிறது.

லேப்டாப் என்றால் சோதனை சுலபம். சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் வழி தெரிந்துவிட்டது. டெஸ்க்டாப், ஆம்ப்ளிஃபயர் இரண்டும் வெவ்வேறு சுவர் பிளக்கில் இருந்தால், ஒரே மூன்று பின் எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றுங்கள். டிவி, ஹோம் தியேட்டரோடு இணைத்திருந்தால் டிஷ் கேபிளை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். அப்போது இரைச்சல் நின்றால், ஆடியோ வயரில் மாட்டும் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' உதவும்.

தறி மோட்டாரோ, மிக்ஸியோ, போர்வெல் மோட்டாரோ போடும்போது மட்டும் 'டப்' என்கிறதா? அதே லைனில் இருப்பதால் வருவது. கம்ப்யூட்டருக்குத் தனி லைன் இழுப்பது நல்லது. கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைகிறதா? கடுமையான மின்வெட்டு இருந்த 2012 வாக்கில் பல வீடுகளில் விலை மலிவான 'ஸ்கொயர் வேவ்' இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அதில் இரைச்சல் வரும். 'சைன் வேவ்' இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை குறைவு.

இப்போது அந்த ஆபத்துக்கு வருவோம். பள்ளிபாளையம் வீட்டில் "சிபியு பெட்டியைத் தொட்டா சுருக்குனு இருக்கும்க்கா, பழகிடுச்சு" என்றாள் அந்தப் பெண். பழகக் கூடாத விஷயம் அது. கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் இருந்து கசியும் சிறு மின்சாரம் எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது இரும்புப் பெட்டியிலேயே நிற்கும். அந்தச் 'சுருக்' அளவில் இருந்தால் பிழைத்தோம். உள்ளே ஒரு ஃபேஸ் வயர் தேய்ந்து பெட்டியைத் தொட்டால், முழு 230 வோல்ட்டும் அங்கே காத்திருக்கும்.

எலெக்ட்ரீஷியன் வந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிரித்தார். மூன்று பின் இருந்தது, உள்ளே பச்சை வயரை வெட்டி விட்டிருந்தார்கள். வெளியே எர்த் குழியோ காய்ந்து கிடந்தது. கரியும் உப்பும் போட்டு எப்போதோ அமைத்த குழி, தண்ணீரே பார்க்காமல் இருந்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை இவை:

- இரைச்சலைக் குறைக்க எர்த் பின்னை உடைக்காதீர்கள், வயரை வெட்டாதீர்கள். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டரும் வேண்டாம்.
- பெட்டியைத் தொட்டால் சுருக்கென்றால் உடனே பிளக்கைப் பிடுங்கி, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். நீங்களே டெஸ்டர் வைத்து விளையாட வேண்டாம்.
- கோடையில் மண் காயும்போது எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.
- 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாட்டச் சொல்லுங்கள்.
- விளக்குகள் சில பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால் நியூட்ரல் கோளாறாக இருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் கரகரக்குதா? காதையும் பாருங்கள்

எர்த் சரியானது, இரைச்சல் நின்றது, வால்யூம் இறங்கியது. ஆனால் மறுநாளே வால்யூம் மறுபடி 100-ல் இருந்தது. ஏற்றியது அப்பா. "எனக்கு சத்தமே பத்தலைங்க" என்றார். இருபது வருடத்துக்கும் மேலாகத் தறிச் சத்தத்தில் நிற்பவர். மகள் காதில் கரகரத்த ஸ்பீக்கரின் மூன்றாவது காரணம், அப்பாவின் காது!

வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல் வரை பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கத்தில் நிற்பவரிடமே கத்திப் பேச வேண்டிய தறிக்கூடத்தில் சத்தம் அதைத் தாண்டியதுதான். அதில் முதலில் போவது கூர்மையான ஒலிகள். 'ச', 'ஸ', 'த' மங்கும். பேச்சு கேட்கும், ஆனால் புரியாது. அதனால் கை தானாக வால்யூமுக்குப் போகிறது.

ஒரு சோதனை. ஹெட்போனை இடது வலது மாற்றிப் போடுங்கள். கரகரப்பும் காதோடு மாறினால் கோளாறு ஹெட்போனில். மாற்றினாலும் அதே காதில் நின்றால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென மந்தமானால் அது அவசரம். அடைப்பாக இருக்கும் என்று வாரக்கணக்கில் தள்ளிப்போடாமல், ஓரிரு நாளுக்குள் போய்விடுங்கள். இதைச் சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால்தான் மீளும் வாய்ப்பு அதிகம். தறியில் நிற்பவர்களுக்குக் காதில் வைக்கும் இயர் பிளக் பெரிய விலை இல்லை. பஞ்சை அடைத்துக்கொள்வது அதற்கு ஈடாகாது.

அண்ணன் இப்போது காதுப் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறார். வீடியோ பார்க்க அவருக்குத் தனி ஹெட்போன், அதுவும் அளவான சத்தத்தில். பரணில் ஏறிய முதல் ஸ்பீக்கர் செட் மேஜைக்குத் திரும்பிவிட்டது. "சல்ஃபைட்டுதாங்க்கா சொன்னாரு" என்று போனில் சிரித்தாள் மகள்.

உங்கள் வீட்டு ஸ்பீக்கரைத் தூக்கிப்போடும் முன், இன்று மாலை அந்த ஹெட்போன் சோதனையிலிருந்து தொடங்குங்கள். பெட்டி சுருக்கென்றால் மட்டும் மாலை வரைக்கூடக் காத்திருக்க வேண்டாம்.