குளுட்டதயோனும் மேனி நிறமும்

இந்நாட்களில் மருந்துக்கடைகளிலும் அழகு நிலையங்களின் வாயிற்பலகைகளிலும் குளுட்டதயோன் என்ற சொல்லைக் காண்கின்றோம். மாத்திரையாகவும், களிம்பாகவும், நாளத்தில் ஏற்றும் ஊசிமருந்தாகவும் அது விலைப்படுகின்றது. மேனியை வெளுக்கச் செய்யும், முதுமையைத் தள்ளிப்போடும் என்பன அதனை விற்போர் கூறும் இரு பெருமைகள். அக்கூற்றை அப்படியே ஏற்பதும் எளிது. கேட்ட மாத்திரத்தில் மறுப்பதும் எளிது. ஆனால் பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் குலங்கோத்திரம் விசாரிக்கும் நாம், உடம்புக்குள் ஏற்றும் ஒரு பொருளின் பிறப்பு வளர்ப்பை விசாரியாமல் விடலாமா?

அதன் பிறப்பிடம் மதுவம். அப்பத்துக்கு மாப் புளிக்க வைக்கும் அதே மதுவந்தான். 1888 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்தவரான டி ரே பையாட் என்பவர் மதுவத்தோடு கந்தகத்தைச் சேர்த்தபோது, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டு வாயு எழுவதைக் கண்டார். கந்தகத்துக்கு ஐதரசனை ஈந்த பொருள் ஒன்று மதுவத்தினுள்ளே இருத்தல் வேண்டும் என்று துணிந்து, அதற்குக் கிரேக்க மொழியில் ‘கந்தகத்தை விரும்புவது’ எனப் பொருள்படும் ‘பிலோதியோன்’ என்ற பெயரையும் இட்டார். ஒரு நாளை 24 மணியாகப் பிரியாது 100 கூறாகப் பிரிக்க வேண்டும் என்று வாதாடியவரும் இவரே. உலகம் அந்த யோசனையை ஏற்கவில்லை. பிலோதியோனையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அதனை மீட்டெடுத்தவர் இங்கிலாந்தின் பிரெடெரிக் கௌலண்ட் ஹொப்கின்ஸ். இவரைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். 1861 இல் ஈஸ்ற்போண் நகரிலே பிறந்த ஹொப்கின்ஸ் குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தவர். தனிமையில் வளர்ந்த அச்சிறுவனுக்குப் பூச்சிகளே தோழர். வண்டு ஒன்றைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு 1878 ஆம் ஆண்டிலேயே பூச்சியியல் ஏடொன்றில் அச்சேறியது. பள்ளிப் படிப்பு முடிந்தபின் காப்புறுதி அலுவலகம் ஒன்றிற் சில மாதம் எழுதுவினைஞராக இருந்தார். பின்னர் இரசாயனப் பகுப்பாய்வு பயின்று, நஞ்சியல் வல்லுநர் ஒருவருக்கு உதவியாளராகிக் கொலை வழக்குகளுக்கான சோதனைகளிலும் பங்குகொண்டார். அக்காலத்திலும் பூச்சியை அவர் மறக்கவில்லை. வண்ணத்துப்பூச்சியின் சிறகு வெள்ளையாகவும் மஞ்சளாகவும் தோன்றுவது எப்பொருளால் என்பதே அவருடைய முதல் ஆராய்ச்சிகளுள் ஒன்று. அதற்கான விடையை 1889 முதலாக வெளியிட்டு வந்தார். 1942 இல், எண்பது வயது கடந்த பின்பும், அந்நிறப்பொருள்களுக்கே மீண்டும் திரும்பினார். சிறகின் நிறத்தில் தொடங்கிய இவர் கண்டெடுத்த பொருள் மனிதத் தோலின் நிறத்தை மாற்றும் சரக்காக விற்கப்படுமென்று அவர் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

1898 இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பெற்ற ஹொப்கின்ஸ், பின்னர் அங்கே உயிரிரசாயனத்துறையின் முதற் பேராசிரியரானார். 1921 ஆம் ஆண்டில், மதுவத்திலும் விலங்குகளின் தசையிலும் ஈரலிலும் பொதுவாக அமைந்த ஒரு கந்தகப் பொருளைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தார். அதிலே குளுட்டமிக் அமிலம் இருந்தமையால் பெயரின் முற்பகுதி அமைந்தது. பிலோதியோன் என்ற பழம்பெயரின் நினைவாகப் பிற்பகுதி அமைந்தது. முன்னோடியின் பெயரை விழுங்கிவிடாது தன் பெயரிடலிலே ஒட்டவைத்த பண்பு போற்றத்தக்கது.

ஆனால் அதன் அமைப்பை ஹொப்கின்ஸ் பிழையாகவே கூறியிருந்தார். குளுட்டமிக் அமிலம், கந்தகத்தைத் தாங்கிய சிஸ்ரெயின் என்னும் இரண்டு அமினோ அமிலங்களின் சேர்க்கையே அது என்று அவர் எழுதினார். 1927 இல் கனடாவின் ரொறன்ரோவிலே பணியாற்றிய ஹன்ரர், ஈகிள்ஸ் என்ற இருவர் கணக்குப் பொருந்தவில்லை என்றனர். அப்போது ஹொப்கின்ஸ் அறுபத்தைந்து வயது கடந்தவர். உலகப் புகழ் பெற்றவர். அவர்கள் சொல்லைத் தள்ளிவிட்டிருக்கலாம். அவரோ ஆய்வுகூடத்திற்குட் புகுந்து, பொருளை மீண்டும் ஆக்கிப் பளிங்குருவிலே தூய்மையாக எடுத்துப் பார்த்தார். கிளைசின் என்ற மூன்றாவது அமினோ அமிலமும் அதிலே இருந்தது. 1929 இல் அதனை வெளிப்படையாக எழுதினார். அமெரிக்காவிலே கெண்டல் என்பாரும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தார். விற்றமின் ஆராய்ச்சிக்காக ஹொப்கின்சுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அவ்வாண்டிலேயே. 1935 இல் ஹரிங்ரன், மீட் என்போர் குளுட்டதயோனைச் செயற்கையாக ஆக்கி அதன் அமைப்பை ஐயமற நிறுவினர்.

மூன்று அமினோ அமிலங்கள் கோத்த இச்சிறு பொருள் செய்யும் வேலை யாது? அதன் உயிர்நிலை சிஸ்ரெயினிலுள்ள கந்தகம். அக்கந்தகம் ஓர் ஐதரசனைப் பிடித்து வைத்திருந்து, வேண்டிய இடத்திற் கொடுத்துவிடும். கொடுத்துவிட்ட இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கொள்ளும். பின்பு ஒரு நொதியம் அவற்றைப் பிரித்து, இழந்ததை மீள அளிக்கும். மூச்சினால் உட்கொள்ளும் ஒட்சிசன் நமக்கு உயிர் தருவதாயினும், அதன் ஒரு பகுதி கலங்களினுள்ளே தீங்கு விளைக்கும் வடிவங்களையும் பெறுகின்றது. அவற்றைத் தணிக்கும் காவலாளிகளுள் குளுட்டதயோன் முதன்மையானது. நஞ்சை முறிப்பதும் அதன் தொழில். நாம் அறிந்த பரசிற்றமோல் மாத்திரையை அளவுமீறி விழுங்கியோருக்கு ஈரல் கெடுவது ஏன் என்று 1973 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் விளக்கினர். அம்மருந்திலிருந்து பிறக்கும் நஞ்சை முறித்து முறித்து ஈரலிலுள்ள குளுட்டதயோன் தீர்ந்து போகின்றது. அதன் பின்பே ஈரற்கலங்கள் மடிகின்றன. அதற்கு மாற்றாகக் குளுட்டதயோனையே கொடுப்பதில்லை. அதனை உடல் தானே ஆக்கிக்கொள்ள உதவும் சிஸ்ரெயினின் ஒரு வடிவத்தையே கொடுக்கின்றனர். நேயர்கள் இதனை மனத்திலே இருத்திக்கொள்க. பின்னர் இது பயன்படும்.

இனி முதுமைக்கு வருவோம். 1956 இல் டென்ஹம் ஹார்மன் என்ற அமெரிக்கர், ஒட்சிசனிற் பிறக்கும் தீய துணிக்கைகள் கலங்களைச் சிறுகச் சிறுகச் சிதைப்பதே மூப்பு என்ற கொள்கையை வெளியிட்டார். மறு ஆண்டிலேயே மில்ஸ் என்பவர், குளுட்டதயோனைக் கொண்டு செங்குருதிக் கலங்களைக் காக்கும் நொதியம் ஒன்றைக் கண்டார். இரண்டும் பொருந்தியமையாற் குளுட்டதயோன் மூப்பைத் தடுக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றியது. ஹார்மன் கொள்கை மூப்பு முழுவதையும் விளக்கவில்லை என்பது பிற்கால முடிபு. ஆயினும், வயது ஏற உடலில் குளுட்டதயோன் குறையக் காண்பது மெய்யே. 2011 இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரிலே 8 முதியோரை ஆராய்ந்தபோது, அவர்கள் உடல் அதனை ஆக்குவதிலேயே தளர்ந்திருந்தது. சிஸ்ரெயினும் கிளைசினும் இரண்டு வாரம் கொடுக்கவே ஆக்கம் இளையோர் அளவுக்கு உயர்ந்தது. எட்டுப்பேர் சிறுதொகை, எனினும் பெறுமதி வாய்ந்த செய்தி.

குளுட்டதயோனையே விழுங்கினால் என்ன? பெரும்பகுதி குடலிலும் ஈரலிலும் சிதைந்து அமினோ அமிலங்களாகிவிடும். 1992 இல் வெளியான சுவிற்சலாந்து ஆய்வில் 7 பேருக்கு ஒரே தடவையாக ஏறத்தாழ 3 கிராம் கொடுத்தும் இரத்தத்தில் அதன் அளவு குறிப்பிடத்தக்கவாறு உயரவில்லை. 2015 இல் வெளியான வேறோர் ஆய்வு ஆறு மாதம் நாள்தோறும் உட்கொண்டோருக்கு உயர்ந்தது என்கின்றது. நாளத்தில் ஏற்றினாலோ, கால்மணி நேரத்துக்குள் பாதியளவு இரத்தத்தை விட்டு நீங்கும். பெரும்பாலான கலங்கள் அதனை முழு உருவில் உள்ளே விடுவதில்லை; வெளியே உடைத்து, உள்ளே தாமே கோத்துக்கொள்கின்றன. மேலே சொன்ன ஈரல் மருந்தின் நியாயம் இதுவே.

இப்பொருளுக்கும் தோலின் நிறத்துக்கும் எவ்வாறு உறவு வந்தது? நம் தோலின் மேற்படையின் அடியிலே மெலனினை ஆக்கும் கலங்கள் உள. கறுத்தவரிடமும் வெளுத்தவரிடமும் அக்கலங்களின் தொகை ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் மெலனினின் அளவும் வகையுமே வேறு. ரைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செம்பைத் தாங்கிய ஒரு நொதியம் மெலனினை ஆக்குகின்றது. தோலிலுள்ள கந்தகப் பொருள்கள் அந்நொதியத்தைத் தடுக்கின்றன என்று சிக்காகோவில் ரொத்மனும் துணைவரும் 1946 இற் காட்டினர். 1960களின் பிற்பகுதியில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலே புரோற்றா, நிக்கோலவுஸ் என்போர் மற்றொன்றையும் கண்டனர். மெலனின் உருவாகும் வழியிலே சிஸ்ரெயின் வந்து புகுமாயின் கருமெலனின் ஆவதற்குப் பதிலாகச் செம்மஞ்சள் நிற மெலனின் ஆகின்றது. ஆகவே குளுட்டதயோன் நிறத்தோடு தொடர்புடையதென்பது வணிகர் கட்டிய கதையன்று. தொடர்பு உண்மை. அதனாலேயே இவ்வணிகம் வலுவுடையதாயிற்று.

கருமெலனின் அங்கே எதற்கு? சூரியனின் புறவூதாக் கதிரை மறித்துக் கலங்களின் கருவைக் காப்பதற்கு. முகத்திலே சுருக்கமும் புள்ளியும் வீழ்வதற்கு வயதிலும் பெருங்காரணம் வெயில். கருந்தோலுடையாருக்குச் சுருக்கம் பிந்தி வருவதும், தோற்புற்று மிகக் குறைவாக வருவதும் இக்காப்பினாலேயே. செம்மஞ்சள் மெலனினோ அவ்வாறு காப்பதில்லை. ஆகவே வெளுப்பையும் இளமையையும் ஒரே புட்டியிலடைத்து விற்பவர், ஒரு காவலைக் கலைத்துவிட்டு மற்றொரு காவலைப் பலப்படுத்துவதாகச் சொல்கின்றார். வருடம் முழுவதும் உச்சிவெயில் காயும் எம்நாட்டில் இவ்வியாபாரம் எவருக்கு இலாபம் என்பதை நேயர்களே கணித்துக்கொள்ளலாம்.

பெண்பிள்ளைகள் நிறைந்த பாடசாலையிலே நாளைக் கழிப்பவன் நான். வேதியியலில் அதிவிசேட சித்தி பெறக்கூடிய மாணவியர், ‘நிறம் கொஞ்சம் குறைவு’ என்று வீட்டார் கூறும் ஒரு வார்த்தையில் ஒடுங்கிப் போவதைக் காண்கின்றேன். இவ்வூசிமருந்துக்கு வாங்குவோரைத் தேடிக்கொடுப்பது இரசாயனமன்று, அந்த வார்த்தையே.

2012 இல் வெளியான தாய்லாந்து ஆய்வொன்றில் 60 மருத்துவ மாணவர் நான்கு வாரம் பங்குகொண்டனர். ஒரு சாரார் நாள்தோறும் 500 மில்லிகிராம் உட்கொண்டனர். ஆறு இடங்களிலே நிறத்தை அளந்ததில் இரண்டு இடங்களில் மாத்திரமே தெளிவான வேறுபாடு தோன்றியது. ஊசிமருந்தின் கதை வேறு. பிலிப்பைன்ஸ் நாட்டில் அதற்கு அனுமதி இருந்தது சிஸ்பிளாற்றின் என்ற புற்றுநோய் மருந்தோடு துணையாகக் கொடுப்பதற்கு மட்டுமே. அழகு நிலையங்களில் அது பெருகவே, 2011 இல் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் பொதுமக்களை எச்சரித்தது. தோல் உரிந்து உயிருக்கே இடராகும் ஒவ்வாமை, தைரொயிட்டு, சிறுநீரகக் கோளாறுகள், தூய்மையற்ற ஊசியாற் பரவும் நோய்கள் என்பன அவ்வெச்சரிக்கையில் இடம்பெற்றன.

2016 இல் பாகிஸ்தானிய மருத்துவர் சிலர் நாளத்தில் ஏற்றும் குளுட்டதயோனை வெற்றுமருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். சிலருக்கு நிறம் சற்று வெளுத்தது. சிலருக்கு ஈரற் சோதனைகள் பிறழ்ந்தன. மருந்தை நிறுத்தி ஆறு மாதம் சென்றபின் பார்த்தபோது, வெளுத்தோருள்ளும் பெரும்பாலாருக்குப் பழைய நிறமே திரும்பியிருந்தது. மெலனின் கலங்கள் தம் தொழிலை மறுபடியும் தொடங்கியிருந்தன.