விளம்பரத்தில் நிஜ ரயில், பெட்டியில் மாதிரி ரயில்

மாதிரி ரயில் சேகரிப்பவர்களிடம் 'புரோட்டோடைப்' என்றால் சோதனைக்காக முதலில் செய்த பொருள் அல்ல. எந்த நிஜ ரயிலைப் பார்த்து மாதிரி செய்கிறார்களோ, அந்த நிஜ ரயில்தான் புரோட்டோடைப்!

புதிய மாதிரி ஒன்றுக்கு அச்சு வெட்டப் பல மாதங்களும் நிறையப் பணமும் தேவை. ஆனால் விளம்பரமும் முன்பதிவும் அதற்கு முன்பே தொடங்கிவிடும். காட்டுவதற்குப் பொருள் இருக்காது. அதனால் நிஜ ரயிலின் புகைப்படத்தைப் போட்டுவிடுவார்கள். வாங்குபவர் பணம் கட்டுவது அந்தப் படத்தை நம்பித்தான்.

இந்த வழக்கத்துக்கு முன்னோடிகள் நிஜ எஞ்சின் கம்பெனிகளே. நீராவிக் காலத்தில் புது எஞ்சினுக்குப் பளபளப்பில்லாத சாம்பல் வண்ணம் பூசிப் படம் எடுப்பார்கள். கருப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு ஆணியும் தெளிவாகத் தெரியும். பிறகுதான் உண்மையான வண்ணம். படத்தில் இருந்த கோலத்தில் எஞ்சின் ஓடியதே இல்லை!

சரி, நம் நீலகிரி ரயிலை மாதிரியாகச் செய்தால் எந்தப் படத்தைப் போடுவது?

1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் வந்த பாதை இது. கல்லாறு முதல் குன்னூர் வரை 12.5 அடிக்கு 1 அடி ஏற்றம். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்ட 'எக்ஸ்' வகை எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். கீழே உள்ள இரண்டு சக்கரங்களைச் சுழற்றும், மேலே உள்ள இரண்டு பல்சக்கரங்களைச் சுழற்றும். பக்கவாட்டுப் படத்தில் சிலிண்டர்கள் தெரியும். ஆனால் மலையேற்றும் பல்சக்கரமும், நடுவில் உள்ள பல்தண்டவாளமும் தெரியாது.

எஞ்சின்களும் அப்படியே இருக்கவில்லை. நிலக்கரியில் ஓடியவற்றில் சில எண்ணெய்க்கு மாறின. திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய எண்ணெய் எஞ்சின்களைச் செய்தது. 2021-ல் அதே பணிமனையிலிருந்து நிலக்கரி எஞ்சின் ஒன்றும் வந்தது! குன்னூருக்கு மேலே ஊட்டி வரை இழுப்பதோ டீசல் எஞ்சின்.

ஆக, 'நீலகிரி ரயில்' என்று ஒரே ஒரு படத்தைப் போட்டால் அது பாதி உண்மைதான். எந்த எஞ்சின், எந்த வருடம் என்று படத்தின் கீழே எழுதியிருக்கிறதா? முன்பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது அதைத்தான்.