ஸ்ரீ ரம்பாய் பீரங்கியின் துளையும் கடைசல் எந்திரமும்

கார்ன்வாலிஸ் கோட்டைக்கு மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு ஸ்ரீ ரம்பாய் பீரங்கியைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1603-இல் டச்சுக்காரர் வார்த்த வெண்கலப் பீரங்கி. ஜொகூர் சுல்தானிடம் இருந்தது. 1613-இல் அச்சே படை அதைக் கொண்டுபோனது. 1795-இல் சிலாங்கூருக்கு வந்தது. 1871-இல் ஆங்கிலேயர் பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளை வரம் வேண்டி அதன் வாயில் பூ வைப்பாங்க என்பதும் மாணவர்களுக்குத் தெரிந்த கதைதான். அடுத்த முறை போகும்போது வேறொரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இவ்வளவு நீளத் துளையை எப்படிப் போட்டாங்க?

அந்தக் காலத்தில் துளையைப் போடவில்லை, விட்டு வார்த்தார்கள். இரும்புக் கம்பியில் களிமண் பூசி, அச்சின் நடுவே நிறுத்தி, சுற்றிலும் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் களிமண்ணை உடைத்தெடுத்து, உட்புறத்தைச் சுரண்டிச் சீராக்குவார்கள். உலோகம் பாயும் வேகத்தில் நடுத்தண்டு கொஞ்சம் நகர்ந்தால் போச்சு. ஒரு பக்கச் சுவர் தடிக்கும், மறுபக்கம் மெலியும். குண்டு குறி தப்பும். மெலிந்த பக்கம் வெடித்தால் பக்கத்தில் நிற்கும் பீரங்கிக்காரர் பிழைக்க மாட்டார்.

1713-இல் சுவிட்சர்லாந்தின் ழான் மாரிட்ஸ் பீரங்கியைக் கட்டியாகவே வார்த்து, பிறகு துளையிட்டார். பின்னாளில் பீரங்கியைப் படுக்கவைத்துச் சுழற்றினார்கள். வெட்டும் கருவி சுழலாமல் நேரே உள்ளே போகும். 1770-இல் வெர்புருக்கன் குடும்பத்தார் இம்முறையை ஹாலந்திலிருந்து இங்கிலாந்தின் வூல்விச்சுக்குக் கொண்டுபோனார்கள். 1774-இல் ஜான் வில்கின்சன் பீரங்கி துளைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அடுத்து அவர் செய்த துளை எந்திரம்தான் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்துக்குச் சரியான உருளையைத் தந்தது. நாம் வகுப்பில் வாட்டைச் சொல்லுகிறோம், வில்கின்சனை விட்டுவிடுகிறோம். அது நியாயமில்லை என்பது என் கருத்து.

பொருள் சுழல, கருவி நகர்ந்து வெட்டுவதைத்தான் தமிழில் கடைசல் என்கிறோம். லேத் பட்டறைக்குக் கடைசல் பட்டறை என்றே பெயர். மத்தில் கயிறு சுற்றி மோர் கடைவதும், கயிறு இழுத்து மரம் கடைவதும் ஒரே அசைவு. மொழிப் பாடத்துக்கும் இது உதவும்.

வூல்விச்சில் பிறந்து, 12 வயதில் அங்குள்ள ஆயுதச் சாலையில் வேலைக்குச் சேர்ந்த ஹென்றி மாட்ஸ்லி, 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரை வெட்டும் லேத்தைத் திருத்தமாக அமைத்தார். பல்சக்கரத்தை மாற்றினால் மரையின் இடைவெளி மாறும்.

இன்று ஐரோப்பாவில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் லேத் வாங்கப் போனால் (நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கு, விளையாட்டில்லை) முதலில் பார்ப்பது மோட்டாரின் பலத்தை அல்ல. சுழல்தண்டின் நடுத்துளை எவ்வளவு அகலம், தலைப்பகுதி எவ்வளவு குட்டை என்றுதான் பார்ப்பார். துப்பாக்கிக் குழலை அதன் வழியே நுழைத்து, இரண்டு முனையிலும் நான்கு நான்கு திருகுகளால் பிடிக்க வேண்டும். நீளத் துளையில் துளைகருவி கொஞ்சமாவது விலகிப் போயிருக்கும். அதனால் குழலின் வெளிப்புறத்தை நம்பாமல், உள்துளையில் டயல் அளவியை வைத்து நடுப்படுத்துவார்கள். 1603-இல் வார்ப்புக்காரரை வாட்டிய அதே கவலைதான்.

இரண்டாவது, மரை. ஐரோப்பிய லேத்துகள் மில்லிமீட்டர் கணக்கில் ஓடுபவை. ஆனால் ஜெர்மன் துப்பாக்கியான மௌசர் 98-இன் குழல் மரை, வேடிக்கையாக, அங்குலக் கணக்கு: அங்குலத்துக்கு 12 மரை. அங்குல மரையும் வெட்டுமா என்று கேட்காமல் வாங்கினால் பணம் வீண்.

ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதை 5-ஆல் பெருக்கினால் 127. 127 பகா எண் என்பதால், துல்லியமாக வெட்ட 127 பல் கொண்ட சக்கரம் தேவைப்படுகிறது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைக் கணக்காகவே கொடுக்கலாம்: லேத்தின் வழித்திருகு ஒரு சுற்றுக்கு 3 மில்லிமீட்டர் நகர்த்துகிறது, அங்குலத்துக்கு 12 மரை வேண்டும், சக்கரங்களின் விகிதம் என்ன? விடை 127/180.