வீட்டில் பங்கு யாருக்கு?



குடும்பம் என்னும் சொல் எல்லாக் காலத்திலும் ஒரே பொருளைத் தந்ததில்லை. யார் அதற்குள் அடங்குவர், யாருக்கு அதில் பங்கு உண்டு என்பதை நிலமும் தொழிலும் சட்டமும் காலந்தோறும் மாற்றி வந்துள்ளன.

எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். குமாரன் இல்லாமல் இறந்த செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன் நின்று, தகப்பனுடைய காணியாட்சியில் பங்கு கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றார் கர்த்தர்.

அந்த நியாயம் நம் கிறிஸ்தவ இல்லங்களுக்குள் நுழைய நெடுங்காலம் ஆயிற்று. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே மகளின் சமபங்கு அங்கு உறுதியாயிற்று. தமிழ்நாட்டிலோ, இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் 1989-இல் மணமாகாதிருந்த மகள்களுக்குச் சமவுரிமை வந்தது. 2005-இல் அது நாடெங்கும், மணமான மகள்களுக்கும் விரிந்தது.

இவ்வாறு உரிமை விரிந்த காலத்தில் வீடு சுருங்கியது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அமைந்தன. கிராமத்தை விட்டு வேலைக்கு வந்தவர்களுக்குச் சிறிய வாடகை வீடே வீடாயிற்று. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தின் சிவப்பு முக்கோணத்தோடு தாய், தந்தை, மகன், மகள் என நான்கு முகங்களைச் சுவர்களில் கண்டோம். அது பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றிய படம். நாளடைவில் அதுவே குடும்பத்தின் உருவமாக மனத்தில் பதிந்தது. பாட்டிக்கும் விதவையான அத்தைக்கும் அதில் இடமில்லை.

பழைய கூட்டுக்குடும்பமே சிறந்தது என்று நான் சொல்லவில்லை. அங்கே அந்த அத்தைக்குத் தங்க இடம் இருந்தது. சொல்லுரிமை பெரும்பாலும் இல்லை. இன்றோ, முதிர்ந்த பெற்றோர் தம் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரித் தீர்ப்பாயத்தில் முறையிட 2007-இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அச்சட்டம் மகனையும் மகளையும் கடமையில் சமமாக நிறுத்துகிறது.

சிலுவையில் தொங்கிய வேளையிலும் ஆண்டவர் தம் தாயை அன்பான சீஷனிடம் ஒப்புவித்தார். அவள் பெறாத ஒருவனுடைய வீடு அவளுக்கு வீடாயிற்று.

கரையான்சாவடியைச் சுற்றி நிலத்தின் விலை ஏற ஏற, பாகப்பிரிவினைகளும் பெருகுகின்றன. "உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்று சொல்லி, சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் கேட்கிறோமா? தாயை மாதத்திற்கு ஒரு பிள்ளை வீடாக மாற்றி அனுப்புகிறோமா? இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் உங்கள் வீட்டாரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபியுங்கள். விடுபட்ட பெயர் நினைவுக்கு வந்தால், ஜெபம் முடிந்ததும் அவரை அழைத்துப் பேசுங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.