களர்நிலக் கிணறும் குளியலறைக் குப்பியும்

புறநானூற்றின் 311ஆம் பாடலில் ஔவையார் காட்டும் காட்சி ஒன்றுண்டு. களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் ஆடை வெளுக்கும் பெண் நாள்தோறும் துவைத்துத் தந்த தூய வெள்ளாடையை உடுத்து ஒருவன் தெருவில் இருக்கிறான். வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் ஒரு வினா எழும்: பயிரே விளையாத நிலத்து நீரில் ஆடை வெளுக்குமா? வெளுக்கும் என்பதே நம் விடை. களர்மண்ணில் சோடா உப்பு இயல்பாகவே படிந்திருக்கும். அது எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்தெடுக்கும். சவுக்காரம் வருவதற்கு முன் வண்ணார் கையாண்ட உவர்மண்ணின் ஆற்றலும் இதுவே.

ஆம்பூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி இதற்கு மறுப்புச் சொன்னாள். "எங்கள் ஊர்க் கிணற்று நீரும் உப்புத்தான் ஐயா. ஆனால் அதில் சோப்பு நுரைப்பதே இல்லை." அந்த மறுப்பு நம்மைப் பாலாற்றங்கரையின் அண்மைக்கால வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோலால் வாழ்வு பெற்றவை. நெடுங்காலம் இங்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிட்டனர். 1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதிக்கத் தொடங்கினார். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு விதித்து, முழுமையாக்கிய தோலுக்கு ஊக்கம் தந்தபின் குரோம் முறை இப்பகுதியில் பெருகியது. பட்டைக்கு வாரக்கணக்கில் ஆகும் வேலை குரோமில் ஓரிரு நாளில் முடியும்.

குரோமை மட்டும் பழிப்பது முறையன்று. பச்சைத்தோல் அழுகாதிருக்க இடும் உப்பும், மயிர் நீக்க இடும் சுண்ணாம்பும் பட்டைக் காலத்திலும் இருந்தவையே. தொழில் பெருகவே, கழிவுநீரோடு அவையும் பெருகி நிலத்தில் இறங்கின. உப்பிலுள்ள சோடியம் மண்ணில் ஊறும்போது, மண் பற்றியிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பெயர்ந்து நீரில் கலக்கின்றன. நீர் கடினமாகிறது. கடின நீரில் சோப்பு நுரையாது, திரியும். ஔவையார் கண்ட களர்நீர் அழுக்கை நீக்கியது. நாம் ஆக்கிய உப்புநீரோ சோப்பையே செயலிழக்கச் செய்கிறது.

இதன் விளைவு வீட்டுக்குள் வருகிறது. குழாய்முனையிலும் குளியலறைத் தரையிலும் வெள்ளைக் காரை படிகிறது. தேய்த்துப் போகாதபோது ஆசிட் வாங்குகிறார்கள். அம்மாணவியின் வீட்டில் அது பழைய குளிர்பானக் குப்பியில் இருந்ததாம். ஒருநாள் தாகமென்று வந்த நான்கு வயதுத் தம்பி அதன் மூடியைத் திறந்துவிட்டான். அத்தை பறித்ததால் பிழைத்தான். ஒரு மிடறு போதும், உணவுக்குழாய் வெந்து, ஆறிய தழும்பு அதைச் சுருக்கிவிடும். பின்னர் ஆண்டுக்கணக்கில் மருத்துவம் வேண்டியிருக்கும்.

வேறு வழி இல்லையா? உண்டு. பூந்திக்கொட்டையின் நுரை கடின நீரிலும் எழும்; சோப்பைப் போல அது கால்சியத்தோடு சேர்ந்து திரிவதில்லை. தரைக்கும் துணிக்கும் பாத்திரத்துக்கும் அந்நீர் போதும். குழாயின் காரைக்கு வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த துணியை ஓரிரவு சுற்றி வைத்தால் மெல்லக் கரையும். சலவைக்கல் தரைக்கு மட்டும் புளிப்பு ஆகாது; அது கல்லையே அரிக்கும். பித்தளைக்குப் புளியும் எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாம்பலும் நம் பாட்டிமார் அறிந்தவையே.

ஆயினும் பழமை என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. பூந்திக்கொட்டை நீர் கண்ணில் பட்டால் எரியும். அதன் காய் தின்னத் தக்கதன்று. வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்துப் பார்வை இழந்த குழந்தைகள் உண்டு. சாணத்தில் இரணசன்னியின் வித்துகள் இருக்கக்கூடும். பொருளின் வயதை விடுத்து, குழந்தையின் வாயிலோ கண்ணிலோ பட்டால் என்னாகும் என்று கேட்பதே சரியான அளவுகோல்.

ஆசிட்டைத் தவிர்க்கவே முடியாதெனில் மூன்றை மறவற்க. குடிநீர்க் குப்பியில் ஊற்றி வைக்கலாகாது. பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கலாகாது. குளோரின் நச்சுக்காற்று எழும். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. ஏறிவரும் அமிலம் மீண்டும் சுடும். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு நெறிகளை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அறிவித்தது. தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் முன்னரே தடுப்பது ஒன்று. மாசு செய்தவரே ஈடு செய்வது மற்றொன்று. 2025 சனவரியிலும் பாலாற்று மாசு குறித்து அந்நீதிமன்றம் இழப்பீட்டுக்கு ஆணையிட வேண்டியிருந்தது. ஆற்றை மீட்கும் பொறுப்பு ஆலைக்கும் அரசுக்கும் உரியது. அதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் முதல் நெறியை இன்றே நம் குளியலறையில் நடைமுறைப்படுத்தத் தீர்ப்பு எதுவும் தேவையில்லை. அந்தக் குப்பியை அகற்றினால் போதும்.